சூடான தேநீரும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும்

கேள்வி: தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஆபத்து தேயிலையில் இல்லை, சூட்டில்தான் இருக்கிறது என்பதே இதுவரையான ஆய்வுகள் காட்டும் முடிவு. இதற்கு வலுவான சான்றைத் தந்தது வடகிழக்கு ஈரானின் கோலெஸ்தான் மாகாணம். புகைப்பழக்கமும் மதுவும் குறைவாக இருந்தும், உணவுக்குழாயின் உட்பரப்புச் செல்களில் தோன்றும் புற்றுநோய் அங்கு மிகுதியாகக் காணப்பட்டதால், 50,045 பேரைச் சுமார் 10 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. வெறும் நினைவை நம்பாமல், கோப்பையில் ஊற்றிய தேநீரின் வெப்பத்தை அளந்தபடியே ஒவ்வொருவரும் வழக்கமாகப் பருகும் சூட்டை ஆய்வாளர்கள் பதிவு செய்தது இதன் பெரும் சிறப்பு. நாள்தோறும் 700 மில்லி லிட்டருக்கு மேல், 60 பாகை செல்சியசும் அதற்கு மேலுமான சூட்டில் பருகியவர்களுக்கு, குறைவாகவும் ஆறவைத்தும் பருகியவர்களைவிட இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இந்த விழுக்காடு ஓர் ஒப்பீடு மட்டுமே; அத்தனை பேரிலும் அந்நோய் கண்டவர்கள் 317 பேர்தான் என்பதால் வாசகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மேலும், கண்காணிப்பு ஆய்வு தொடர்பைக் காட்டுமேயன்றித் தனித்து நின்று காரணத்தை நிறுவாது. எனினும், மீண்டும் மீண்டும் சுடுபடும் திசு புண்பட்டுப் புதுப்பிக்கப்படுவதே நோய்க்கு வழிவகுக்கலாம் என்ற விளக்கம் ஏற்கத்தக்கதே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் 2016இல், 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்களைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே தேநீரைக் கைவிட வேண்டாம். ஊற்றியபின் சில நிமிடம் ஆறவிட்டுப் பருகுங்கள்.