குசினி அலுமாரிப் பிடி ஆடுகிறதா? நீங்களே இறுக்கலாம்



விடுதியிலும் சரி, டோர்ட்மண்டில் புதிதாகக் கிடைத்த வீட்டிலும் சரி, குசினி அலுமாரியின் குமிழ்ப்பிடி ஆடுவதும் சும்மா சுற்றுவதும் வழமை. "சின்னச் சாமான்தானே" என்று விட்டால் ஒருநாள் கையோடு கழன்று வரும், ஆணியும் எங்கேயோ விழுந்து தொலையும். வீடு விடும்போது அதற்கும் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுப்போம்.

ஏன் கழருகிறது?

கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கோ. ஒரு திருகாணியின் தலை தெரியும். அந்த ஆணி கதவை ஊடுருவி வந்து வெளியே உள்ள குமிழுக்குள் ஏறுகிறது. பெரும்பாலும் அது 4 மில்லிமீற்றர் ஆணி. கடையில் "எம் 4" என்று கேட்கலாம். மலிவான அலுமாரிகள் மரச்சீவலைப் பசையோடு அமத்திச் செய்த பலகை. நாங்கள் நாள் முழுக்க இழுக்க இழுக்க, ஆணித்தலைக்குக் கீழே பலகை அமர்ந்து போகும். சமையல் ஆவியும் பலகையை ஊத வைக்கும். பிடிமானம் குறையக் குமிழ் சுற்றத் தொடங்கும்.

இறுக்கும் முறை

1. வெளியே குமிழை ஒரு கையால் அசையாமல் பிடியுங்கோ. பிடிக்காவிட்டால் ஆணியோடு குமிழும் சேர்ந்து சுற்றும், இறுகாது.

2. வாய் சிலுவை போல இருக்கிற திருப்புளியை உள்பக்கம் வைத்து, மணிக்கூட்டு முள் ஓடுகிற பக்கமாகத் திருப்புங்கோ.

3. இறுகியதும் நிற்பாட்டுங்கோ. பலத்தைக் காட்டினால் பலகை நொறுங்கும், அல்லது குமிழின் புரி அழியும்.

இறுக்கியும் சரிவராவிட்டால்

ஆணி நீளம் கூடினால் அதன் முனை குமிழின் அடியில் முட்டிவிடும், கதவு இறுகாது. ஆணித்தலைக்குக் கீழே ஒரு வாஷர் போடுங்கோ, அல்லது கட்டை ஆணி வாங்குங்கோ.

குமிழ் திரும்பத் திரும்பச் சுற்றினால் குமிழுக்கும் கதவுக்கும் இடையில் மெல்லிய றப்பர் வளையம் ஒன்று வையுங்கோ. புரியில் ஒரு சொட்டு நிறமில்லாத நகப்பூச்சும் உதவும். சுப்பர் குளூ மட்டும் வேண்டாம். பிறகு கழற்றவே ஏலாது.

சில குமிழ்களில் கூராணி பலகைக்குள்ளேயே இறங்கியிருக்கும். ஓட்டை பெருத்திருந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து உள்ளே செருகி, இரவு முழுக்கக் காயவிட்டுப் பிறகு பூட்டுங்கோ.

குமிழின் உள்புரி தேய்ந்திருந்தால் புதிதுதான் வேண்டும். பழையதை ஆணியோடு பவ்மார்க்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நீளப் பிடி என்றால் இரண்டு ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளவுங்கோ. 96, 128 மில்லிமீற்றர் வழமையான அளவுகள். கேட்காமல் புது ஓட்டை போடாதேங்கோ.

யாருடைய பொறுப்பு?

விடுதியில் தளபாடம் உங்களுடையது அல்ல. முதலில் ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லுங்கோ. "முறைப்பாடு செய்தால் கேஸ் பழுதாகிவிடும்" என்று பயந்து பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் வேண்டாம். அசூல் முடிவை எடுப்பது நியூரன்பேர்க்கில் தலைமையகம் உள்ள பம்ஃப் என்ற கூட்டாட்சி அலுவலகம். அலுமாரிப் பிடிக்கும் அந்த முடிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வாடகை வீட்டில், குசினி வீட்டுக்காரருடையது என்றால், பராமரிப்பது அவர் கடமை (யேர்மன் குடியியல் சட்டம், பிரிவு 535). சாதாரணப் பாவனையில் தேய்ந்தது உங்கள் குற்றம் அல்ல (பிரிவு 538). ஆனால் பழுதைக் கண்டும் அறிவிக்காமல் விட்டு, அது பெரிதானால் நட்டம் உங்கள் தலையில் விழலாம் (பிரிவு 536சி). ஆகவே எழுத்தில் அறிவியுங்கோ, பிரதி ஒன்றை வைத்திருங்கோ.

சில ஒப்பந்தங்களில் சின்னத் திருத்தச் செலவு குடியிருப்பவருக்கு என்று இருக்கும். அது அடிக்கடி கை படுகிற சாமான்களுக்கு மட்டுமே செல்லும். ஒரு தடவைக்கும் ஒரு வருடத்துக்கும் உச்சத் தொகை எழுதியிருக்கவும் வேண்டும். யேர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் 1989இல் இதைத் தீர்ப்பாகச் சொன்னது. விளங்காவிட்டால் கையெழுத்துப் போட முன்னம் எங்களிடம் கொண்டுவாருங்கோ.

வீடு எடுக்கும் நாளில் ஆடுகிற ஒவ்வொரு பிடியையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதுவித்து, படமும் எடுத்து வையுங்கோ. வைப்புப் பணம் மூன்று மாத வாடகை வரை போகலாம். அதைத் திருப்பி எடுக்க இந்தக் கடதாசிதான் சாட்சி.

இரண்டு டொச் வசனங்கள்

டேர் கிறிஃப் இஸ்ட் லொக்கர் – பிடி ஆடுகிறது.

கொனன் ஸீ மியர் பிற்ற ஐனன் ஷ்றவ்பன்ட்றேயர் லையன்? – தயவுசெய்து ஒரு திருப்புளி இரவல் தருவீர்களா?

வீட்டுப்பாடம்: இன்று பின்னேரம் உங்கள் குசினியில் எல்லாப் பிடிகளையும் ஒருதரம் தொட்டுப் பாருங்கோ. ஆடுவதை எண்ணி எழுதுங்கோ. உங்களால் ஏலுமானதை இறுக்குங்கோ, மற்றதை அறிவியுங்கோ.