இரு பதிவேடுகளை இணைக்கும் பணி

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

நிலம் ஒன்றே, அதைப் பற்றிய ஏடுகளோ பல. கிரயப் பத்திரத்தின் பதிவு பதிவுத் துறையைச் சார்ந்தது. பட்டாவும் சிட்டாவும் புல வரைபடமும் வருவாய்த் துறையைச் சார்ந்தவை. நிலத்தை வாங்கிய பின்னும் பட்டா விற்றவர் பெயரிலேயே நின்றுவிடின், வாங்கியவர் பயிர்க் கடனுக்கும் அலைய நேரிடும். விற்றவர் காலமான பின் அவருடைய மக்கள் பட்டாவைக் காட்டி உரிமை கோருவதும் உண்டு.

இக்குறையைக் களையவே இரு துறைகளின் கணினி முறைகளும் இணைக்கப்பட்டன. பதிவுத் துறையின் மென்பொருள் ‘ஸ்டார்’ என்பது; அதன் 2.0 பதிப்பு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. வருவாய்த் துறையின் மென்பொருள் ‘தமிழ்நிலம்’. பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதலுக்குரிய விவரம் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்கிறது. உட்பிரிவு தேவைப்படாத நிலமாயின் அளவையின்றியே பட்டா மாற இயலும். ஒரு பகுதி மட்டும் கைமாறினால், நில அளவர் நேரில் வந்து அளந்தே ஆகவேண்டும். அவ்வேலையைக் கணினி செய்யாது.

இணைப்பு ஏற்பட்ட பின்னரும் தடைகள் எழுவது ஏன்? இரு முறைகளும் வெவ்வேறு நோக்கத்துக்காகத் தனித்தனியே வளர்ந்தவை. ஒன்று பத்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. மற்றொன்று புலத்தை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு ஏரிகளுக்கிடையே வாய்க்கால் வெட்டினாலும், மட்டம் ஒவ்வாவிடில் நீர் பாயாது. கணினி இணைப்பும் அத்தகையதே. மட்டம் ஒவ்வாத இடங்கள் பெரும்பாலும் மூன்று.

1. பெயர்: பட்டாவில் ‘பெரியண்ணன் மகன் கந்தசாமி’ என்றும், பத்திரத்தில் ‘பெ. கந்தசாமி’ என்றும், ஆதார் அட்டையில் தலைப்பெழுத்தின்றிக் ‘கந்தசாமி’ என்றும் இருக்கக்கூடும். ஊரார்க்கு அவர் ஒருவரே, கணினிக்கு மூவர். பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருந்தால் இடர் இன்னும் பெரிது.

2. புல எண்: 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்திலும், மறு நில அளவையிலும் பல இடங்களில் எண்கள் மாறின. பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதிய பத்திரம் எழுதுவோர் பழைய எண்ணையே எழுதிவிட்டால், விவரம் வேறொருவர் நிலத்தைச் சென்றடையும்.

3. பரப்பு: பத்திரங்களில் ஏக்கர், சென்ட் என எழுதும் வழக்கம் நீடிக்கிறது. பட்டாவில் இருப்பதோ ஹெக்டேர், ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆகவே 1 ஏக்கர் 25 சென்ட் நிலம் 50.59 ஏர் ஆகும். பட்டாவில் அது 50.50 என்று சுருக்கி எழுதப்பட்டிருப்பின், வேறுபாடு கால் சென்ட்டுக்கும் குறைவே. மனிதர் அதைப் பொருட்படுத்தார். கணினியோ இரண்டும் வெவ்வேறு எண் என்றே கொள்ளும்.

பிழை எங்குள்ளதோ அங்கேயே திருத்தப்படுதல் வேண்டும். பத்திரத்தில் பிழையிருப்பின் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தப் பத்திரம் பதிய வேண்டும். பட்டாவில் பிழையிருப்பின் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். இது தெளிவாகாத வரையில், ஓர் அலுவலகம் மற்றொன்றைக் கைகாட்ட, உழவர் இரண்டுக்கும் நடுவே நடப்பார். இரு முறைகளை இணைக்கும் எவரும் முதலில் முடிவு செய்யவேண்டியது, எந்த விவரத்துக்கு எந்த ஏடு தலைமையானது என்பதே.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் ஆற்றக்கூடிய தொண்டு பெரிது. இறந்தவர் பெயரில் நிற்கும் பட்டாக்களைப் பற்றிக் கிராம சபையில் நினைவூட்டலாம். வாரிசுச் சான்று பெற்று, ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியில் மனுக் கொடுக்குமாறு குடும்பத்தாரைத் தூண்டலாம். நிலம் வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பெற்று, பெயர், எண், பரப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பத்திரத்தில் பழைய எண்ணோடு புதிய எண்ணையும், ஏக்கரோடு ஹெக்டேர் அளவையும் எழுதச் செய்யவேண்டும்.

கணினி ஓர் ஏட்டிலுள்ளதை மற்றோர் ஏட்டுக்கு விரைவாகக் கொண்டு சேர்க்கும். பிழையையும் அதே விரைவில் சேர்க்கும். ஏட்டைச் செம்மை செய்யும் கடமை நம்முடையது.