கொரோனா வந்தாலும் கல்லீரல் மாத்திரையை நிறுத்தாதீங்க!

"எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு, இப்போ கொரோனாவும் வந்துடுச்சே!" என்று பயப்படுகிறீர்களா? நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி, சி உள்ள எல்லோருக்கும் கொரோனா தீவிரமாகிவிடுவதில்லை. கல்லீரல் சுருங்கிய 'சிரோசிஸ்' நோயாளிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களும் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கணும். கொரோனா முற்றி ஆக்சிஜன் குறைந்தால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சிலருக்கு டோசிலிசுமாப் ஊசியும் போடுவார்கள். இவை உயிர் காக்கும் மருந்துகள்தான். ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தியை இவை தளர்த்துவதால், உடலில் அடங்கிக் கிடக்கும் பி வைரஸ் மறுபடி பெருகலாம். கல்லீரலே செயலிழக்கவும் கூடும். முன்பே தெரிந்தால், மருத்துவர் தடுப்பு மாத்திரை கொடுத்துக் காப்பாற்றிவிடுவார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. ஹெபடைட்டிஸ் பரிசோதனை முடிவையும் மாத்திரை அட்டையையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் ஒருவருக்கும் அனுப்புங்கள். மூச்சுத் திணறும்போது நீங்கள் சொல்ல முடியாமல் போகலாம், அவர் காட்டுவார்.

3. மருந்துக் கடையில் நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

4. இதுவரை பரிசோதித்ததே இல்லையா? ஒரு ரத்தப் பரிசோதனை போதும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் பண்ணிக் கேளுங்க.