தோற்கும் பக்கம் நின்று பேசுவது

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரியின் மாதிரி நாடாளுமன்றத்தில் உன்னை எதிர்க்கட்சி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டிருக்கிறாய். "வாக்கெடுப்பில் தோற்கப்போவது முன்பே தெரிந்த விஷயம். அப்புறம் எதற்கு மாமா தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசணும்?" என்று கேட்கிறாய். இதற்குப் பொதுவாக உபதேசம் எழுதினால் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய். ஓர் ஆளைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் வெய்ன் மோர்ஸ். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து 1945 முதல் 1969 தொடக்கம்வரை செனட்டராக இருந்தவர். தொழிலாளர் பிரச்சினை, வெளியுறவு இரண்டிலும் அவர் பேசிய பேச்சுகள் அவைக்குறிப்பில் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. பெரும்பாலும் மாலை நேரத்தில், மற்ற உறுப்பினர்கள் எழுந்துபோன பிறகு, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசியவை.

செனட்டுக்கு வருமுன் அவர் சட்டப் பேராசிரியர். முப்பது வயதிலேயே ஓரிகன் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரித் தலைவர். 1930களின் இறுதியில் பசிபிக் கடற்கரைத் துறைமுகங்களில் சரக்கேற்றும் தொழிலாளருக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் இடையே மூளும் தகராறுகளைத் தீர்க்கும் நடுவராக அரசு அவரை நியமித்தது. போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, தேசியப் போர்த் தொழிலாளர் வாரியத்தில் இருந்தார். அந்த வாரியத்தில் தொழிலாளர் தரப்பில் நால்வர், முதலாளிகள் தரப்பில் நால்வர், பொதுமக்கள் சார்பில் நால்வர்; மோர்ஸ் கடைசி வகை. நடுவர் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரு தரப்பையும் கேட்கவேண்டும். 'நம்பிக்கையோடு சொல்கிறேன்' என்பவனிடம் காகிதத்தைக் காட்டு என்று சொல்லவேண்டும். தீர்ப்பைக் காரணத்தோடு எழுதிக் கொடுக்கவேண்டும். மோர்ஸ் செனட்டில் செய்ததெல்லாம் இந்த மூன்றுதான் என்பது என் கருத்து.

1947இல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் வந்தது. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கவேண்டும் என்ற ஒப்பந்தங்களைத் தடை செய்தது. பெரிய வேலைநிறுத்தங்களை 80 நாள் நிறுத்திவைக்க நீதிமன்றத் தடையாணை கேட்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தது. மோர்ஸ் அப்போது குடியரசுக் கட்சிக்காரர். மசோதா அவருடைய கட்சியுடையது. இருந்தும் எதிர்த்து மணிக்கணக்கில் பேசினார். குடியரசுத் தலைவர் ட்ரூமன் மசோதாவை நிராகரித்துத் திருப்பி அனுப்பியும் பயனில்லை. 68க்கு 25 என்ற வாக்கில் செனட் அந்த நிராகரிப்பை முறியடித்தது.

இதைக் கேட்டதும் அவர் சங்கத்தின் ஆள் என்று முடிவு கட்டிவிடாதே. 1966இல் ஐந்து விமானக் கம்பெனிகளுக்கும் அவற்றின் மெக்கானிக்குகளுக்கும் தகராறு மூண்டபோது, அதை விசாரித்த அவசர வாரியத்துக்கு அவர்தான் தலைவர். வாரியத்தின் பரிந்துரையை ஏற்காமல் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அவர்களை வேலைக்குத் திரும்பவைக்கச் சட்டம் கொண்டுவர முன்நின்றவரும் இதே மோர்ஸ்தான். சங்கங்கள் கொதித்துப்போயின. தீர்ப்புச் சொன்னபின் கட்டுப்படவேண்டும் என்பது அவர் பிடிவாதம். வேலைநிறுத்த உரிமையைச் சட்டம் போட்டு முடக்குவது வேறு விவகாரம் என்பதை அங்கே அவர் கவனிக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். நீ என்னோடு சண்டை போடலாம்.

வெளியுறவுக்கு வருகிறேன். இங்கும் நடுவர் புத்திதான். 1946இல் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை அமெரிக்கா ஏற்கவேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நிறைவேறியது, ஆனால் 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்று அமெரிக்காவே முடிவு செய்துகொள்ளலாம் என்று கானலி என்ற செனட்டர் ஒரு திருத்தத்தைச் செருகிவிட்டார். வழக்கில் நிற்பவனே நீதிபதியும் ஆகலாம் என்றால் வழக்கு எதற்கு?

இனி நீ ஊன்றிப் படிக்கவேண்டிய இடம். 1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. 4ஆம் தேதி இரண்டாவது தாக்குதல் நடந்ததாக அரசு அறிவித்தது. தென்கிழக்கு ஆசியாவில் தேவையான எந்த நடவடிக்கையும் எடுக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு அனுமதி தரும் தீர்மானம் உடனே நாடாளுமன்றத்துக்கு வந்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

பென்டகனிலிருந்து ஒருவர் மோர்ஸுக்குத் தொலைபேசியில் காதைக் கடித்தார்: மேடாக்ஸின் பதிவேட்டைக் கேளுங்கள், அந்தக் கப்பல் அங்கே என்ன வேலையாகப் போனது என்று கேளுங்கள். 6ஆம் தேதி குழு விசாரணையில் மோர்ஸ் கேட்டார். சில நாள் முன்னால் தென் வியட்நாம் படகுகள் வடக்கின் தீவுகளைத் தாக்கினவே, அதற்கும் கப்பலுக்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டார். பாதுகாப்புச் செயலர் மக்னமாரா, கடற்படைக்கு அதில் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். விசாரணை இரண்டு மணி நேரம்கூட நடக்கவில்லை.

அவையில் தீர்மானத்தை நடத்திச்சென்றவர் வெளியுறவுக் குழுத் தலைவர் ஃபுல்பிரைட். இந்தத் தீர்மானம் போர்வரை போகும் அதிகாரத்தைக் கொடுக்கிறதா என்று கூப்பர் என்ற செனட்டர் கேட்டார். ஆமாம், அப்படித்தான் பொருள்கொள்கிறேன் என்றார் ஃபுல்பிரைட். போர் விரிவதை நாங்கள் விரும்பவில்லை என்று ஒரு திருத்தம் சேர்க்கலாமா என்றார் விஸ்கான்சின் செனட்டர் நெல்சன். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் மறுபடி கீழவைக்கு அனுப்பவேண்டும், தாமதமாகும் என்று சமாதானம் சொன்னார் ஃபுல்பிரைட். இரண்டுமே நல்ல கேள்விகள். கேட்ட இருவரும் பதிலை வாங்கிக்கொண்டு ஆதரவாகத்தான் வாக்களித்தார்கள்.

மோர்ஸின் வாதம் இரண்டு வரி: போர் அறிவிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது, அதைத் தேதி போடாத காசோலையாக ஒருவர் கையில் கொடுக்க நமக்கு உரிமையில்லை; நடந்தது என்ன என்பதற்கு ஆதாரமும் இன்னும் நம் முன் வைக்கப்படவில்லை. ஆகஸ்ட் 7இல் கீழவையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. மோர்ஸோடு நின்ற இன்னொருவர் அலாஸ்காவின் க்ரூனிங். 1966 மார்ச்சில் மோர்ஸ் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யக் கோரினார். 92க்கு 5 என்று ஒதுக்கித் தள்ளினார்கள். இந்த முறை அந்த ஐவரில் ஃபுல்பிரைட்டும் ஒருவர்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4ஆம் தேதித் தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் உள்வரலாற்று ஆய்வே சொல்கிறது. அது 2005இல் வெளியானது. அந்தத் தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தானது. அப்போது மோர்ஸ் செனட்டில் இல்லை. 1968 தேர்தலில் சில ஆயிரம் வாக்குகளில் தோற்றிருந்தார். அதற்கு வியட்நாம் போர் எதிர்ப்பு மட்டும் காரணம் அல்ல. மனிதர் பெரிய முசுடு. 1952இல் குடியரசுக் கட்சியை விட்டு விலகி, மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்து இரு கட்சிகளுக்கும் நடுவே போட்டவர். பிறகு ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1966இல் போரை ஆதரித்த சொந்தக் கட்சி வேட்பாளரைக் கைவிட்டு எதிர்க்கட்சியின் ஹாட்ஃபீல்டை ஆதரித்தார். சொந்தக் கட்சிக்காரர் பலர் அதை மறக்கவில்லை. இந்தக் குணத்தை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளாதே.

நீளமாகப் பேசுவதையும் கற்றுக்கொள்ளாதே. 1953இல் கடலடி எண்ணெய் வள மசோதாவை எதிர்த்து 22 மணி 26 நிமிடம் விடாமல் பேசி அந்நாளைய சாதனை படைத்தார். மசோதா நிறைவேறிவிட்டது. சாதனைப் பட்டியலில் அவரைத் தேடுகிறவர்களுக்கு வேண்டுமானால் அது பயன்படலாம். ஆனால் கப்பலின் பதிவேடு எங்கே என்ற ஒற்றைக் கேள்வி பிற்காலத்திலும் நின்றது. 1968 பிப்ரவரியில் ஃபுல்பிரைட்டின் குழுவே மக்னமாராவை உட்காரவைத்து அதே விஷயத்தைக் கிளறியது.

எதிர்வரிசையில் உட்கார்ந்தவன் அன்றைய வாக்குக்காக மட்டும் பேசுவதில்லை மாப்பிள்ளை. ஆளும் தரப்பு எதைச் சொன்னது, எதைச் சொல்ல மறுத்தது என்பதைத் தேதியோடு எழுத்தில் ஏற்றிவைக்கப் பேசுகிறான். ஆகையால் உன் உரையில் வர்ணனையைக் குறைத்து, அமைச்சராக நடிக்கும் உன் நண்பன் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்விகள் நான்கைந்து தயார் செய். வேலைவாய்ப்பு மசோதா என்றால் எத்தனை இடம், எந்தத் துறையில், எந்தக் கணக்கின்படி என்று கேள். அவன் மழுப்பினால் அவைக்குறிப்பில் மழுப்பல் ஏறட்டும்.

1964 ஆகஸ்ட் 5 முதல் 7 வரையிலான செனட் அவைக்குறிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போட்டிக்கு முன் அதைப் படித்துவிடு. மோர்ஸின் பேச்சோடு நிறுத்தாமல், கூப்பரும் நெல்சனும் கேட்டதையும் அதற்கு ஃபுல்பிரைட் சொன்ன பதிலையும் சேர்த்துப் படி. படித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா