110 வோல்ட் சாமானுக்கு எந்த டிரான்ஸ்பார்மர்?

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவந்த மின்சாமான்கள் நம் மும்பை வீடுகள் பலவற்றில் உண்டு. அவற்றுக்கு எந்த டிரான்ஸ்பார்மர் வாங்கலாம் என்று என்னிடம் பலரும் கேட்கிறார்கள்.

முதலில் சாமானின் அடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 100-240 என்றிருந்தால் டிரான்ஸ்பார்மரே வேண்டாம். பிளக் மாற்றினால் போதும். லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகையே. 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வி.ஏ. 120 வோல்ட், 4 ஆம்பியர் மிக்ஸிக்கு 480. கடைக்காரர் 500 வி.ஏ. போதும் என்பார், கேட்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 1000 வி.ஏ. வாங்குங்கள். (அந்த விலைக்கு இங்கேயே ஒரு மிக்ஸி வாங்கலாமே என்றார் ஒரு மாமி. நியாயமான கேள்விதான்!) லாமிங்டன் ரோட்டில் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், நன்றாகக் கனக்க வேண்டும். இத்தனூண்டு பெட்டியில் 1500 வாட் என்று விற்பவை டிரான்ஸ்பார்மரே அல்ல. சாதாரண இஸ்திரிப் பெட்டி போன்று சூடேற்றும் சாமான்களுக்கு மட்டுமே ஆகும்.

'ஆட்டோ' வகை மலிவு. ஆனால் அதில் இரு பக்கத்துக்கும் ஒரே கம்பிச் சுற்றுதான். பழுதானால் 230 வோல்ட் அப்படியே சாமானுக்குப் போய்விடலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தனித்தனிச் சுற்றுள்ளதே நல்லது.

இன்னொன்று. டிரான்ஸ்பார்மர் நம் 50 சைக்கிளை அமெரிக்காவின் 60 ஆக்காது. அங்கத்திய மின்கடிகாரம் இங்கே மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். மைக்ரோவேவ் அடுப்போ உள்ளே அளவு மீறிச் சூடேறும். அதை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.