ஒரு பாடலின் நீளம் 123 மீட்டர்!

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. 5 நிமிடம் 24 வினாடி ஒலிக்கும் ஒரு பாடலின் நீளம் எத்தனை மீட்டர்?

"நேரத்தை எப்படி ஆசிரியரே மீட்டரில் அளப்பது?" என்று கேட்பீர்கள். கைப்பேசியில் உள்ள பாடலை அப்படி அளக்க முடியாதுதான். ஆனால், ஒலிநாடாவில் பதிவான பாடலை அளவுநாடா வைத்தே அளந்துவிடலாம். விடை ஏறக்குறைய 123 மீட்டர். ஒரு காற்பந்துத் திடலைவிட நீளம்! இந்த விடை எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பாடம்.

நான்கு கலைஞர்கள், ஐந்து தட்டு

அந்தப் பாடலின் பெயர் 'டேக் ஃபைவ்'. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அது பதிவானது. டேவ் புரூபெக்கின் நால்வர் குழு வெளியிட்ட 'டைம் அவுட்' என்ற ஜாஸ் இசைத்தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. பியானோவில் புரூபெக், சாக்ஸபோனில் பால் டெஸ்மண்ட், டபுள் பாஸில் யூஜின் ரைட், டிரம்ஸில் ஜோ மொரெல்லோ. பாடலை இயற்றியவர் டெஸ்மண்ட். பதிவு நடந்த இடம், 30ஆம் தெருவில் முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடம். அதைக் கொலம்பியா நிறுவனம் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தது.

அக்கால ஜாஸ் பாடல்கள் பெரும்பாலும் நான்கு தட்டில் அமைந்தவை. 'டேக் ஃபைவ்' ஐந்து தட்டில் ஓடுகிறது: மூன்றும் இரண்டும். மிருதங்கமோ பரதநாட்டியமோ கற்பவர்களுக்கு ஐந்து தட்டு புதிதன்று. நம் கண்டசாபு தாளத்தில் இரண்டும் மூன்றுமாக ஐந்து வரும்.

ஒலி காந்தமாகும் விதம்

ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையோடு கலந்து பூசியிருப்பார்கள். துருவின் நிறம் தெரிவது அதனால்தான்.

சாக்ஸபோன் ஒலி காற்றை அதிரச் செய்கிறது. ஒலிவாங்கி அந்த அதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் 'பதிவுத் தலை' எனப்படும் சிறிய மின்காந்தத்திற்குச் செல்கிறது. அதன் முன்னே நாடா நகரும்போது, இரும்பு ஆக்சைடுத் துகள்கள் காந்தமாகின்றன. மின்னோட்டம் கூடினால் காந்தமும் வலுக்கிறது. மின்னோட்டம் திசை மாறினால் வடதுருவமும் தென்துருவமும் இடம் மாறுகின்றன. ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காந்தம் அப்படியே தொடர்ந்து பின்பற்றுகிறது. இதைத்தான் 'அனலாக்' பதிவு என்கிறோம்.

மீண்டும் கேட்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கிறது. காந்தமான நாடா, கம்பிச்சுருள் உள்ள தலையைக் கடந்து ஓடுகிறது. காந்தப்புலம் மாற மாற, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நீங்கள் பாடநூலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதுவே.

வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது

ஒலிப்பதிவுக்கூடங்களில் நாடா வினாடிக்கு 15 அங்குலம், அதாவது 38.1 செ.மீ. வேகத்தில் ஓடும். இப்போது கணக்கைப் போடுங்கள். 5 நிமிடம் 24 வினாடி என்பது 324 வினாடி. 324 × 38.1 = 12,344 செ.மீ. அதாவது, ஏறக்குறைய 123 மீட்டர்.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். 'டேக் ஃபைவ்' நிமிடத்திற்கு ஏறக்குறைய 170 தட்டு வேகத்தில் செல்கிறது. அப்படியானால் ஒரு தட்டுக்கு நாடாவில் சுமார் 13 செ.மீ. இடம். ஐந்து தட்டும் சேர்ந்தால் சுமார் 67 செ.மீ. தாளத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம்! அக்காலத்தில் ஒலிப்பதிவாளர்கள் வேண்டாத பகுதியைச் சவர அலகால் வெட்டி, மீதியை ஒட்டுப்பட்டையால் இணைத்தது இதனால்தான் முடிந்தது.

ஒவ்வோர் அதிர்வுக்கும் நாடாவில் ஒரு நீளம் உண்டு. அதன் சூத்திரம் எளிது:

அலைநீளம் = நாடாவின் வேகம் ÷ அதிர்வெண்

வினாடிக்கு 440 முறை அதிரும் சுரம், 38.1 செ.மீ. வேகத்தில் 0.87 மி.மீ. நீளம் பிடிக்கும். வினாடிக்கு 10,000 முறை அதிரும் தாளத்தட்டின் 'ச்சிங்' ஒலிக்கு 38 மைக்ரோமீட்டர் மட்டுமே கிடைக்கும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறையப் பாதி. வினாடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே ஓடும் கேசட்டில் அதே ஒலி 5 மைக்ரோமீட்டருக்குள் நெருக்கப்படுகிறது. தலையில் உள்ள இடைவெளியும் சில மைக்ரோமீட்டர் அகலம்தான். ஓர் அலை முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டால், வடதுருவமும் தென்துருவமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்; ஒலி மறைந்துபோகும். வேகமாக ஓடும் நாடாவில் நுட்பமான ஒலிகள் தெளிவாக இருப்பதன் காரணம் இதுதான்.

வேகம் தவறினால்?

அதே 1959ஆம் ஆண்டு, அதே கூடத்தில், மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினரோடு 'கைண்ட் ஆஃப் புளூ' என்ற புகழ்பெற்ற இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். மார்ச் 2ஆம் நாள் பதிவின்போது, முதன்மை நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியது. அது யாருக்கும் தெரியவில்லை.

விளைவு என்ன? எடுத்துக்காட்டாக, கருவி 1 விழுக்காடு மெதுவாக ஓடியதாகக் கொள்வோம். ஒவ்வோர் அலையும் நாடாவில் 1 விழுக்காடு குறுகிப் பதிவாகும். பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால், 440 ஹெர்ட்ஸ் சுரம் ஏறக்குறைய 444 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். சுருதி ஏறும், பாடலும் விரைவாக முடியும். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று பாடல்களும் இப்படிச் சுருதி ஏறியே உலகெங்கும் விற்பனையாயின.

நல்ல வேளையாக, பதிவின்போது இரண்டாவது கருவி ஒன்றும் பாதுகாப்புக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகம் சரியாக இருந்தது. அந்த நாடாவைக் கொண்டு 1992ஆம் ஆண்டில் பிழை திருத்தப்பட்டது. 33 ஆண்டுகளாக மக்கள் கேட்டது, அன்று கலைஞர்கள் வாசித்த சுருதியே அன்று!

இதில் ஒரு பாடம் உண்டு. நாடா நேரத்தை நீளமாக மாற்றி வைக்கிறது. ஆனால், 'இந்த நீளத்தை எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும்?' என்பது அந்தக் காந்தத்தில் தானாக எழுதப்படுவதில்லை. அளவுகோல் தவறினால், அளந்தது அனைத்தும் தவறும். அறிவியல் கூடத்தில் கருவியைச் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். இரண்டாவது கருவி ஏன் தேவை என்பதற்கும் இதுவே சான்று.

இன்றும் ஏன் ஒலிநாடா?

இசைத் தரத்தில் பேரார்வம் கொண்டவர்களுக்காக, இன்றும் சில சிறு நிறுவனங்கள் ஜாஸ் தொகுப்புகளை 38.1 செ.மீ. வேக நாடாவில் வெளியிடுகின்றன. விலை நூற்றுக்கணக்கான அமெரிக்க டாலர். 'டைம் அவுட்' போல 38 நிமிடம் ஓடும் தொகுப்புக்கு ஏறக்குறைய 870 மீட்டர் நாடா தேவை. பெரிய சுருளிலும் வழக்கமாக 762 மீட்டர்தான் அடங்கும். அது 33 நிமிடம் ஓடும். எனவே இரண்டு சுருள் வேண்டும். நகலையும் இசையின் இயல்பான வேகத்திலேயே பொறுமையாக எடுப்பார்கள்.

அப்படியானால், நாடா டிஜிட்டலைவிடச் சிறந்ததா? அளந்து பார்த்தால், நல்ல நாடாவில் மிக உரத்த ஒலிக்கும் பின்னணி இரைச்சலுக்கும் இடையே ஏறக்குறைய 70 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். குறுந்தட்டில் 96 டெசிபெல். நாடாவை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். டிஜிட்டல் நகலில் அது கூடாது. இருந்தும், ஒலி மிகும்போது நாடா அதை மென்மையாக அடக்கும் விதம் பலருக்குப் பிடிக்கிறது. பிடிப்பது வேறு, துல்லியம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் பழைய கேசட்டுகள் இருக்கலாம். அவற்றில் உறவினரின் குரலோ, திருமண நிகழ்வோ பதிவாகியிருக்கலாம். நம் ஊரின் ஈரக்காற்றில் நாடா பூசணம் பிடிக்கும். கெட்டுப்போவதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் முன், ஓட்டும் கருவியின் வேகம் சரிதானா என்று பார்க்க மறவாதீர்கள்!

சிந்தித்து விடை காண்க

1. 'டேக் ஃபைவ்' பாடலைக் கேசட்டில் பதிவு செய்தால் எத்தனை மீட்டர் நாடா தேவை?
2. 38.1 செ.மீ. வேகத்தில் பதிவான 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினால் என்ன கேட்கும்?
3. பதிவின்போது கருவி வேகமாக ஓடியிருந்தால், பின்னர் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறுமா, இறங்குமா?

விடைகள்: 1. ஏறக்குறைய 15.4 மீட்டர். 2. 220 ஹெர்ட்ஸ், ஒலிக்கும் நேரம் இரு மடங்காகும். 3. இறங்கும்.