300 எம்பி பிளான் யாருக்குத் தேவை?

நெட் ஸ்லோவாக இருக்கிறது என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், முதலில் வரும் யோசனை 'பிளானை ஏத்திக்குங்க சார்' என்பதுதான். நாமும் ஏற்றிக்கொள்கிறோம். பில்லில் இருநூறு முந்நூறு கூடுகிறது. படுக்கையறையில் படம் மட்டும் பழையபடி சுற்றிச் சுற்றி நிற்கிறது. இந்தச் செலவுக்குக் காரணம் சில நம்பிக்கைகள். பெருக்கல், வகுத்தல் தெரிந்தாலே அவற்றைச் சோதித்துவிடலாம்.

நம்பிக்கை: 100 எம்பி பிளான் என்றால் விநாடிக்கு 100 எம்பி இறங்கும்.

இறங்காது. கம்பெனி விற்பது மெகாபிட்; நம் ஃபைலின் அளவாகத் தெரிவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட். டவுன்லோடு ஆகும்போது 11, 12 என்று காட்டினால் இணைப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். சண்டைக்குப் போக வேண்டாம்.

நம்பிக்கை: வீட்டில் நாலு பேர் இருக்கிறோம், 300 இல்லாமல் தாங்காது.

கூட்டிப் பார்ப்போம். ஹாலில் 4கே டிவி ஓடுகிறது. அதற்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். முழு ஹெச்டி போதுமென்றால் 5. அப்பா போனில் யூடியூப் பார்க்கிறார், ஒரு 3. மகள் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறாள். போக, வர இரண்டும் சேர்த்து 4 என்று வைப்போம். மகன் ஆன்லைன் கேம் ஆடுகிறான், அதற்கு 1 மெகாபிட்கூட முழுசாகத் தேவைப்படாது. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் 23. எதற்கும் இருக்கட்டும் என்று இரட்டிப்பாக்கினாலும் 50-ஐத் தொடவில்லை. (அரசாங்கக் கணக்கில் 2 மெகாபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். 2023-ல்தான் அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். 2004-ம் ஆண்டுக் கொள்கையில் 256 கிலோபிட்டே போதும் என்று இருந்தது!)

அதற்காக 300 வீண் என்று சொல்லவில்லை. 100 ஜிபி கேம் ஒன்றை இறக்க 50-ல் நாலரை மணி நேரம் ஆகும். 300-ல் முக்கால் மணி நேரம். எப்போதோ வரும் அந்த அவசரத்துக்கு மாதா மாதம் காசு கட்டுவதா என்பது அவரவர் முடிவு.

நம்பிக்கை: பிளானை ஏற்றினால் கேமில் லேக் போய்விடும்.

லேக்கில் முக்கியம், தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்; அதுதான் பிங். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் போட்ட ஐ2ஐ கடலடி கேபிள் சுமார் 3,200 கி.மீ. நீளம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்த் திரும்ப 32 மில்லி விநாடி. கேம் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், 1000 எம்பி பிளான் போட்டாலும் அந்த வழியில் பிங் இதற்குக் கீழே இறங்காது.

நம்பிக்கை: அன்லிமிடெட் என்றால் அளவே கிடையாது.

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. ஒரு விநாடியில் எவ்வளவு வரும் என்பது வேறு; ஒரு மாதத்தில் மொத்தம் எவ்வளவு இழுக்கலாம் என்பது வேறு. பல ஃபைபர் பிளான்களின் விதிமுறையில், பொடி எழுத்தில், மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கும். தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். 300 மெகாபிட் இணைப்பை முழு வேகத்தில் விடாமல் ஓட்டினால் மணிக்கு 135 ஜிபி. 25 மணி நேரத்துக்குள் மாதக் கணக்கு தீர்ந்தது. அதே 3300 ஜிபியை 30 நாளுக்கும் இரவு பகலாகப் பரப்பிப் பாருங்கள்: சராசரி 10 மெகாபிட்தான் வருகிறது. விளம்பரத்தில் இந்த 10-ஐ யாரும் போடுவதில்லை.

பயப்படவும் வேண்டாம். மெகாபிட் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 5 மெகாபிட் படம் மணிக்கு 2.25 ஜிபி. தினமும் ஆறு மணி நேரம் டிவி ஓடினாலும் மாதம் 405 ஜிபி. சாதாரணக் குடும்பம் 3300 பக்கமே போகாது. போகக்கூடியவர்கள் சிசிடிவி வைத்தவர்கள். அதிலும் டிவிஆர் பெட்டியின் ஹார்டு டிஸ்க்கில் பதிவாகிற கேமராவுக்கு, முதலாளி போனைத் திறந்து பார்க்கும் நேரத்தில் மட்டுமே நெட் செலவாகும். கிளவுடுக்கு அனுப்பும் கேமரா அப்படியல்ல. விடாமல் 2 மெகாபிட் அனுப்பினால், ஒரு கேமராவுக்கு மாதம் 648 ஜிபி. நாலு கேமராவுக்கு 2592. பல பிளான்களில் அப்லோடையும் சேர்த்துத்தான் கணக்கெடுக்கிறார்கள்.

மொபைலில் இந்தக் கணக்கு இன்னும் சுருக்கென்று கடிக்கும். மேலே சொன்ன மகளின் மீட்டிங்கை ஹாட்ஸ்பாட் போட்டு நடத்தினால், தினசரி 1.5 ஜிபி ஐம்பதே நிமிடத்தில் காலி.

நம்பிக்கை: ஸ்பீட் டெஸ்டில் குறைந்தால் கம்பெனி ஏமாற்றுகிறது.

சில நேரம் உண்மைதான். ஆனால் 300 பிளானில் எத்தனை முறை பார்த்தாலும் 94-ஐ ஒட்டியே நிற்கிறதென்றால், ரௌட்டரைத் திருப்பிப் பாருங்கள். பழைய ரௌட்டரில் கேபிள் செருகும் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. தகவலுடன் போகும் முகவரி போன்ற உபரிகளைக் கழித்தால் மிஞ்சுவது அந்த 94. ரௌட்டர் புதுசு என்றால் கேபிளைச் சந்தேகப்படலாம். அதன் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனைக்குள் வண்ண வண்ணமாக எட்டுச் செம்புக் கம்பிகள் தெரியும். கிகாபிட் ஓட எட்டும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலே வேகம் பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும். கேபிளின் விலை நூறோ இருநூறோதான்.

மிச்சப் பழி வைஃபைக்கு. அடுக்குமாடியில் பத்து வீட்டு ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்கின்றன. ஒன்றோடொன்று உரசாமல் ஓட அங்கே இருப்பது 1, 6, 11 என மூன்று சேனல்கள்தான். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

எனவே பிளானை ஏற்றுமுன் லேப்டாப்பை ரௌட்டரோடு கேபிளில் இணைத்து ஒருமுறை சோதியுங்கள். அங்கே சொன்ன வேகம் வந்தால், ரௌட்டரை வீட்டின் நடுவில் மாட்டுங்கள் அல்லது படுக்கையறைக்கு இன்னொரு வைஃபை பெட்டி வாங்குங்கள். அங்கேயும் வராவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுங்கள். கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.